தனி டியூஷன்: வேலூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. பெரும்பாலும் கணக்கு, அப்புறம் தமிழ், ஆங்கில வாசிப்பு. விசாரிக்க வரும் அம்மா அப்பாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் கீழே இருக்கின்றன. என்னிடம்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. யாரிடம் சேர்த்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் தெருவிலேயே டியூஷன் சென்டர் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சென்டரில் இருபது, முப்பது பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள். பள்ளியில் நடந்த பாடத்தை இன்னொரு முறை நடத்துவார்கள், வீட்டுப்பாடத்தை முடிக்க வைப்பார்கள், வாரம் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். வகுப்பில் நடப்பதை ஓரளவு பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அது போதும். அப்படிப்பட்ட பிள்ளையை என்னிடம் அழைத்து வந்தால் சென்டருக்கே அனுப்பச் சொல்லிவிடுவேன்.

ஆனால் நடுவில் எங்கேயோ விட்டுப்போன பிள்ளைக்கு, அதே பாடத்தை மூன்றாவது தடவை நடத்தினாலும் ஏறாது. அவளுக்கு அந்தப் பாடத்தில் சிக்கலே இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் நாலு பாடத்தில் ஏதோ ஒன்று உட்காரவில்லை. அது எது என்று கண்டுபிடிக்க, அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தனி டியூஷனின் பலனில் முக்கால்வாசி அந்தப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

உண்மையிலேயே பலன் உண்டா? ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். தனியாகக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளில் சராசரியானவரே, சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டியிருந்தார் என்பது அதன் முடிவு. கேட்க மலைப்பாக இருக்கும். விளம்பரங்களில் இந்த எண்ணை மட்டும் எடுத்துப் போடுவார்கள். பிறகு 2011-இல் கர்ட் வேன்லேன் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. அந்தக் கணக்கில் சராசரி மாணவர் 100 பேரில் ஏறக்குறைய 78 பேரை முந்துவார். அதுகூடப் பள்ளிக் கல்வியில் பெரிய முன்னேற்றம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புளூமின் ஆய்வில் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்தார்கள் என்பது பாதிதான். ஒரு பாடம் நன்றாக வந்தது என்று சோதித்துப் பார்த்து, தப்பானதைத் திருத்திய பிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள். வீட்டுக்கே ஆள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கைடைப் பார்த்து எழுத வைத்துவிட்டுப் போனால் அதே பலன் கிடைக்காது.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கில் பெயில். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

முதல் நாள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். இரண்டாம் வகுப்புக் கழித்தலிலிருந்து சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகளாகக் கொடுப்பேன். கழித்தல், வாய்ப்பாடு, வகுத்தல், பின்னம், மிகை குறை எண்கள், அப்புறம் எளிய சமன்பாடு. மதிப்பெண் போட மாட்டேன். எந்தச் சீட்டில் கை நிற்கிறது, எதில் விரல் விட்டு எண்ணுகிறாள், எதை யோசிக்காமல் தப்பாகப் போடுகிறாள் என்று குறித்துக்கொள்வேன்.

அந்தக் கடைசி வகையைத்தான் தேடுகிறேன். 43-இல் 17 போனால் 34 என்று எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். மேலே 3, கீழே 7. சிறியதிலிருந்து பெரியதை எடுக்க முடியாது, அதனால் 7-இல் 3-ஐ எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் இதைக் "கவனமே இல்லை" என்று திட்டுவார்கள். கவனமாகத்தான் செய்கிறாள். மனதுக்குள் ஒரு தப்பான விதி இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள்.

ஒன்பதாவது படித்த ஒருத்தியை, இயற்கணிதம் தலையில் ஏறவில்லை என்று அழைத்து வந்தார்கள். x/2 + x/3 = 10 என்று கொடுத்தேன். 2x/5 = 10 என்று எழுதி, x = 25 என்று கோடு போட்டு முடித்தாள். எழுத்து அவ்வளவு அழகு. இயற்கணிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்றாள். ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். ஒன்றைச் சரிபாதியாக மடித்தாள், இன்னொன்றை மூன்றாக மடித்தாள், இரண்டையும் ஒட்டி வைத்தாள். அப்புறம் வேறொரு பட்டையை ஐந்தாக மடித்து அதில் இரண்டு பங்கை எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அது அந்தப் பாதியைவிடவே குட்டையாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, கூட்டினா குறையுமா?" என்று அவளே கேட்டாள்.

அப்புறம் வேலை சுலபம். முழுப் பட்டை ஒன்றை ஆறாக மடித்தோம். பாதி என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, மொத்தம் ஆறில் ஐந்து. சமன்பாட்டுக்குத் திரும்பினோம். 5x/6 = 10, x = 12. நான் சொல்லாமலே 12-ஐப் போட்டுப் பார்த்து, 6 + 4 = 10 என்று ஓரத்தில் எழுதினாள். அஞ்சாம் வகுப்பிலிருந்து அவள் கூடவே வந்த தப்பு அது. நாற்பது பேர் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு x = 25 என்ற விடை மட்டும்தான் தெரியும். அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

அப்படிக் கீழ்வகுப்புக்குப் போய்விட்டால் இந்த வருடப் பாடம் என்னாவது?

இரண்டும் கூடவே நடக்கும். ஒரு மணி நேரத்தில் முதல் பாதி பழைய ஓட்டைக்கு, மறு பாதி பள்ளியில் நடக்கும் பாடத்துக்கு. முதல் மாதம் மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் அந்த மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பிள்ளைக்கு இது அவமானமாக இருக்குமோ என்றும் கேட்பார்கள். "நாலாம் வகுப்புக் கணக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் அவமானம்தான். சீட்டில் வகுப்பு எண் போடாமல் கொடுத்தால் ஒன்றும் இல்லை.

தன்னம்பிக்கையே இல்லை, "எனக்கு வராது" என்கிறான். பாராட்டிப் பேசினால் மாறுமா?

பேசி மாற்றுவது கடினம். பிள்ளைகளுக்கு நாம் சும்மா சொல்வது தெரிந்துவிடும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்: "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஆதாரம், தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் செய்வதைப் பார்ப்பதும், அடுத்தவர் தைரியம் சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

அதனால் நான் கணக்குகளை அடுக்குவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். பத்தில் ஏழெட்டு அவனால் தனியாகப் போட முடிய வேண்டும். மீதி இரண்டு மூச்சு வாங்க வைக்க வேண்டும். எல்லாமே சுலபமாக இருந்தால் அவன் தன்னை மட்டமாக நினைப்பான், எல்லாமே கஷ்டமாக இருந்தால் நோட்டை மூடிவிடுவான். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட வைப்பேன். "எனக்கு வராது" என்று சொல்லும் நாளில் பழைய பக்கத்தைத் திருப்பி, அன்றைக்கு விட்ட அதே கணக்கைத் திரும்பப் போடச் சொல்வேன். போட்டுவிடுவான். அதற்கு மேல் நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

பாராட்டவே கூடாது என்று இல்லை. "சூப்பர், கெட்டிக்காரன்" என்பதற்குப் பதிலாக, செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். "அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது குறியை மாற்ற மறக்கவில்லை" என்றால் நாளைக்கும் மறக்க மாட்டான்.

தன்னம்பிக்கை வந்ததற்கு அடையாளம் மதிப்பெண் சீட்டில் தெரிவதற்கு முன்பே வேறு இடத்தில் தெரியும். அழித்து அழித்து எழுதுவது குறையும். விடையை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பது நிற்கும். பள்ளியில் "மிஸ், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று எழுந்து கேட்டதாக ஒருநாள் வந்து சொல்வான். அந்த நாள்தான் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பெரியம்மா பையன் 480 எடுத்த கதையை அவன் காதுபடப் பேசாதீர்கள். நான் ஒரு மாதத்தில் சேர்த்ததை அந்த ஒரு பேச்சு கொண்டுபோய்விடுகிறது.

என் பெண் கேட்டால் பதிலே சொல்ல மாட்டாள். எப்படிப் பேச வைப்பீர்கள்?

காத்திருப்பேன். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். தனியாக உட்காரும்போது இது இன்னும் சுலபம். கை தூக்கிக்கொண்டு முந்துவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை, சிரிப்பதற்கும் யாரும் இல்லை.

ஒரே ஒரு விஷயம்: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "சொல்லுடி, நேத்து சொன்னியே" என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் தெலுங்கு (சிலர்: உருது) பேசுகிறோம். அதனால்தான் தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறானா?

நம் பக்கத்தில் இது சகஜம். காட்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு வீடுகள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது வீடுகள். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு மொழியில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு சீக்கிரம் வரும்.

தடுமாற்றம் வேறு இடத்தில் இருக்கும். தமிழில் ஓர் எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். கண், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க'தான், ஆனால் ஒலி மூன்று விதம். தெலுங்கில் 'கண்'ணில் வரும் ஒலிக்கும் 'தங்க'த்தில் வரும் ஒலிக்கும் தனித்தனி எழுத்து. இதைச் சேர்த்துக் காட்டாமல் அகர வரிசையை மட்டும் ஒப்பிக்க வைத்தால், பிள்ளை எழுத்தெழுத்தாகச் சொல்வான், சொல் வராது. அடுத்தது, பேசுவதும் எழுதுவதும் வேறாக இருப்பது. "வந்துச்சு" என்று பேசுகிற பிள்ளை "வந்தது" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. இது தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள சிக்கல்தான்.

நான் ஒரு பத்தி வாசிக்க வைத்துவிட்டு, கதையை அவன் வீட்டு மொழியிலேயே சொல்லச் சொல்வேன். புரிந்ததா என்று எனக்குத் தெரிய அது போதும்.

வாரத்துக்கு எத்தனை நாள்? எவ்வளவு நேரம்?

வாரம் மூன்று நாள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரை மணி, பெரியவர்களுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் வேண்டாம். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் மனதில் நிற்கும்.

ஒவ்வொரு முறையும் நோட்டை மூடிவைத்துவிட்டுப் போன வகுப்பில் படித்ததை நினைவிலிருந்து எழுத வைப்பேன். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்தும் நன்றாகச் சொன்னார்கள். பரீட்சைக்கு நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

பத்தாவது பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. இப்போது சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். அஸ்திவாரம் போட நேரம் இல்லை. தேர்ச்சிக்கு வழி பார்க்கலாம். கணக்கில் 100-க்கு 35 வேண்டும். ஒரு மதிப்பெண் வினா 14. கடைசியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஸ்கேல், காம்பஸ் பிடிக்கப் பழகிய பிள்ளை அந்த 16-ஐ வாங்கிவிடலாம். பாடப்புத்தகப் பலவுள் தெரிவு வினாக்களையும் புரிந்து போட்டுப் பார்த்தால் பாதி தூரம் வந்தாயிற்று. மீதிக்கு உறவுகளும் சார்புகளும், அணிகள், புள்ளியியல் ஆகிய இடங்களிலிருந்து எடுப்பேன். அளவியலில் சூத்திரம் தெரிந்தாலே சில மதிப்பெண் வரும்.

பாஸ் ஆனதும் பதினொன்றில் கணக்குப் பிரிவு எடுக்கலாமா என்று உடனே கேட்பார்கள். இப்படி வந்த பிள்ளைக்கு, மே மாதம் முழுக்கப் பழைய ஓட்டைகளை அடைக்காமல் எடுக்க வேண்டாம் என்பேன்.

பள்ளி ஆசிரியரிடமே தனியாக டியூஷன் கேட்கலாமா?

வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28-இல் எந்த ஆசிரியரும் தனிப் பயிற்சி எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. காசு கொடுக்கும் பிள்ளைக்கு வகுப்பில் தனிக் கவனிப்பு என்ற நிலை வரக் கூடாது என்பது நியாயம்தானே. ஆனால் சந்தேகம் கேட்பது டியூஷன் ஆகாது. மாலை மணி அடித்த பிறகு பத்து நிமிடம் கேட்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். நிறைய ஆசிரியர்கள் முகம் சுளிக்காமல் சொல்லித் தருவார்கள்.

வேறு யாரை வைத்துக்கொள்வது? கல்லூரிப் பிள்ளைகள் போதுமா?

ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் கல்லூரி, ஆக்சிலியம் என்று நம் ஊரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் பொறுமையுள்ள ஒரு கல்லூரி மாணவி தாராளமாகப் போதும். பட்டத்தைவிட ஒரு விஷயத்தைப் பாருங்கள். முதல் வகுப்பில் ஒரு பத்து நிமிடம் தூரத்திலிருந்து கவனியுங்கள்: பேனா யார் கையில் இருக்கிறது? சொல்லிக் கொடுப்பவர் கையிலேயே இருந்தால் அவர்தான் கணக்குப் போடுகிறார், உங்கள் பிள்ளை வேடிக்கை பார்க்கிறது. இந்த ஒன்று சரியாக இருந்தால் மற்றதைப் பழகிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள்.

கூடத்தில், கதவு திறந்திருக்க, வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கும் நேரத்தில் மட்டும். ஆணோ பெண்ணோ, தெரிந்தவரோ உறவோ, இதில் விதிவிலக்கு வேண்டாம். அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளை திடீரென்று "அந்த டியூஷனுக்குப் போக மாட்டேன்" என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாமல், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். தப்பாக ஏதாவது தெரிந்தால் 1098-க்கு அழைக்கலாம்.

எங்களுக்குப் படிப்பு இல்லை. வீட்டில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் அம்மாக்களும், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசும் அம்மாக்களும் இதைக் கேட்கும்போது எனக்கு மனசு கனக்கும், ஏனென்றால் அவர்களால் நிறையச் செய்ய முடியும். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வைக்க முயலும்போது பிள்ளைக்கே அது தெளிவாகும். சரியா தப்பா என்று நீங்கள் திருத்த வேண்டாம்; "ஏன் அப்படி?" என்று கேட்டால் போதும்.

உங்கள் கணக்கை அவளிடம் கேளுங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் 700-க்கு எவ்வளவு வர வேண்டும்? ஏழாம் வகுப்பு நேர்விகிதம் இதுதான். நீங்கள் மனக்கணக்காகச் சொல்வீர்கள், அவள் காகிதத்தில் போடுவாள். இரண்டும் ஒத்துப்போகும்போது அவளுக்குக் கணக்கின் மேல் வரும் மரியாதையை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மேலும் வரும்.

தனியாக வைத்துப் படிக்க வைக்கப் பணம் இல்லை. வேறு வழி?

ஒரே நிலையில் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து படித்தாலும் பெரும்பாலான பலன் கிடைக்கும், கட்டணமும் பங்காகும். ஒரே வகுப்பாக இருக்க வேண்டியதில்லை, நிலை ஒன்றாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் இப்படித்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் அக்கா யாராவது இருந்தால் நாளுக்கு அரை மணி கேட்டுப் பாருங்கள். சொல்லிக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கும் அது நல்லது.

எவ்வளவு சொல்லியும் எழுத்து மாறிமாறி வருகிறது. கற்றல் குறைபாடாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, டியூஷன் எடுக்கும் யாரும் சொல்லக் கூடாது. மூன்று நாலு மாதம் ஒழுங்காகத் தனிக் கவனம் கொடுத்த பிறகும் வாசிப்பு நகரவில்லை என்றால் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் கண்ணும் காதும் பார்க்கச் சொல்லுங்கள்; கண்ணாடி போட்டதும் சரியான பிள்ளைகளும் உண்டு. நம் ஊரிலேயே சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது, வேறு ஊர்க்காரர்கள் ரயிலேறி வருகிற இடம். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் தடுமாற்றம்) 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தனிக் கற்பித்தல் இன்னும் அவசியம், முறைதான் வேறு.

ஆன்லைனில் எடுக்கலாமா?

ஒன்பது, பத்து படிப்பவர்களுக்குச் சரி. அவர்கள் எழுதுவது எனக்குத் தெரிகிற மாதிரி போனை நோட்டின் மேலே சாய்த்து வைக்க வேண்டும். முகத்தைக் காட்டினால் போதாது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எப்போது நிறுத்துவது?

பிள்ளை தப்பு செய்துவிட்டு, தானே கண்டுபிடித்து, தானே திருத்தத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துவிடுங்கள். அடுத்த பருவத் தேர்வு வரை அப்படிப் பாருங்கள். மதிப்பெண் கீழே போகாமல் நின்றால் நிறுத்திவிடலாம். திடீரென்று நிறுத்தினால் பயந்துவிடுவார்கள், அதனால் ஒரு மாதம் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். புது வகுப்பில் ஏதாவது ஒரு பாடம் தடுக்கினால், அந்தப் பாடத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் வந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.